24 நிமிடம் தாங்கிய பிடி

2020 டிசம்பர் 13. டோக்கியோவில் ஜூடோவின் தாய்வீடான கோடோகானில் பார்வையாளர் ஒருவர்கூட இல்லை. டோக்கியோ ஒலிம்பிக்கின் 66 கிலோ பிரிவில் ஜப்பானுக்கு ஓர் இடம்தான். அதற்காக ஹிஃபுமி அபேயும் ஜோஷிரோ மருயாமாவும் மோதினார்கள். ஜூடோ ஆட்டத்துக்கு 4 நிமிடம். அதற்குள் முடிவு தெரியாவிட்டால் ‘கோல்டன் ஸ்கோர்’. வெற்றி முடிவாகும்வரை ஆட்டம் ஓடிக்கொண்டே இருக்கும். அன்று 24 நிமிடம் ஓடியது. எதிராளியின் காலை உள்பக்கமாக வாரிச் சாய்த்து அபே வென்றார்.

முழு பலத்தோடு 24 நிமிடம் இழுக்க எந்த உடம்பாலும் முடியாது. ஜூடோ துண்டு துண்டாக நடக்கும் ஆட்டம். 20, 30 விநாடி இழுபறி. நடுவர் ‘மட்டே’ என்றதும் சில விநாடி இடைவெளி. ‘ஹாஜிமே’ என்றதும் மறுபடி பிடி. ஒரு வீச்சுக்கான திடீர் விசையைத் தசையில் இருக்கும் பாஸ்போகிரியேட்டின் என்ற சேர்மம் தருகிறது. அது சில விநாடிகளிலேயே வற்றத் தொடங்கும். பிறகு ஆக்சிஜன் இல்லாமல் சர்க்கரை உடைகிறது, ரத்தத்தில் லாக்டேட் ஏறுகிறது. வற்றிய இருப்பை நிரப்புவது ஆக்சிஜனின் வேலை. அதற்குக் கிடைப்பதோ அந்தச் சின்ன இடைவெளிதான். ஆகவே, எவ்வளவு பலமாகத் தூக்குகிறார் என்பதைவிட எவ்வளவு சீக்கிரம் மீள்கிறார் என்பதே பெரிய கேள்வி.

போலந்து ஆய்வாளர் ஸ்டானிஸ்லாவ் ஸ்டெர்கோவிச் 1995இல் இதை அளக்க எளிய சோதனை ஒன்றை வகுத்தார். 6 மீட்டர் இடைவெளியில் இரண்டு பேர் நிற்பார்கள். நடுவிலிருந்து கிளம்பும் வீரர் இருவரிடமும் மாறி மாறி ஓடி, தோள்மேல் தூக்கி வீச வேண்டும். முதலில் 15 விநாடி, பிறகு இரண்டு முறை 30 விநாடி. நடுநடுவே 10 விநாடி ஓய்வு. முடிந்ததும் ஒருமுறை, ஒரு நிமிடம் கழித்து ஒருமுறை இதயத்துடிப்பை எண்ணி, இரண்டையும் கூட்டி, வீச்சுகளின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். 27 வீச்சு, துடிப்பு 180, பிறகு 144 என்றால் விடை 12. இன்னொருவர் அதே 27 வீசி, துடிப்பு 180இலிருந்து 171வரைதான் தணிந்தால் 13. எண் குறைந்தால் நல்லது. ஆய்வகம் வேண்டாம், கடிகாரமும் இதயத்துடிப்புக் கருவியும் போதும். ஆனால் பிடிச்சண்டையை இது அளக்காது. அது பெரிய குறைதான்.

பிடிச்சண்டையில் முன்கை பெரும்பாலும் முதலில் சோர்ந்துபோகும். இறுக்கிப் பிடித்தபடியே இருந்தால், மிதிபட்ட தண்ணீர்க் குழாய்போல ரத்த ஓட்டம் தடைபடுகிறது. அதனால்தான் கம்பியில் ஜூடோ அங்கியைத் தொங்கவிட்டு, அதைப் பற்றி உடம்பை மேலே இழுக்கிறார்கள், கயிறும் ஏறுகிறார்கள்.

2012 லண்டன் ஒலிம்பிக்கில் ஜப்பான் ஆண்கள் ஜூடோவில் ஒரு தங்கம்கூட இல்லை. ஒலிம்பிக்கில் அவர்களுக்கு அப்படி நேர்ந்தது அதுவே முதல்முறை. அதன்பின் தலைமைப் பயிற்சியாளரான கோசெய் இனோவே, நீண்ட நேரப் பயிற்சியே பெருமை என்ற பழக்கத்தோடு நிற்காமல் எடைப்பயிற்சிக்கு அறிவியல் துணை தேடினார். சாம்போ போன்ற பிறநாட்டு மற்போர் முறைகளையும் கற்கவைத்தார். 2016 ரியோவில் ஆண்களின் 7 பிரிவுகளிலும் பதக்கம் வந்தது. பயிற்சி ஒன்றுதான் காரணம் என்று சொல்லிவிட முடியாது என்றாலும், தற்செயல் என்று தள்ளவும் முடியாது.

மீள்வது எவ்வளவு முக்கியம் என்பது டோக்கியோவிலும் தெரிந்தது. அந்த ஒலிம்பிக்கின் பெண்கள் 70 கிலோ அரையிறுதி 16 நிமிடம் 41 விநாடி நீடித்தது. கழுத்துப் பிடியால் ரஷ்யாவின் மதினா தைமசோவாவை வென்ற ஜப்பானின் சிசுரு அராய், அன்றே இறுதியாட்டத்தில் தங்கமும் வென்றார். தோற்ற தைமசோவாவும் அன்றே மறுபடி களமிறங்கி வெண்கலம் வாங்கினார்.