வற்றிய கண்மாயைச் சுற்றி: சேத்தூரில் ஒரு கோடை நடை

சேத்தூர்ப் பக்கம் நடக்க எந்த மாதம் நல்லது என்று கேட்டால், எல்லோரும் ஐப்பசி, கார்த்திகை என்பார்கள். மலை பச்சையாக இருக்கும், கண்மாய் நிறைந்து கிடக்கும். அழகுதான். ஆனால் இந்த நிலம் எப்படி இயங்குகிறது என்று தெரியணும்னா சித்திரை, வைகாசியில் வாங்க. நிறைந்த கண்மாயில் தண்ணீர் மட்டும்தான் தெரியும். வற்றிய பிறகுதான் அதை எப்படிக் கட்டியிருக்கிறார்கள் என்பது தெரியும்.

போன மே மாதம் நான் போன வட்டம் இது: சேத்தூர் கடைத்தெரு, தேவதானம், மலையடிவாரத் தோப்புகள், கண்மாய்க் கரை, மறுபடி சேத்தூர். காலை ஐந்தரைக்குக் கிளம்பினால் பதினொரு மணிக்குள் திரும்பிடலாம். அதுக்கு மேல வெயில் விடாது.

முதலில் பெயர்கள். பழைய எழுத்துகளில் இந்த ஊர் 'சேற்றூர்'. ஜமீன் ஆதரித்த புலவர்களின் பெயரோடும் அப்படித்தான் வரும். சேறு என்றால் நீரில் குழைந்த மண். தேவதானம் என்பது கோவிலுக்கு விட்ட நிலம். அங்குள்ள நச்சாடை தவிர்த்தருளிய சுவாமி கோவில், தென்பாண்டி நாட்டின் பஞ்சபூதத் தலங்களில் ஆகாயத்துக்கு உரியது. சோழன் அனுப்பிய நஞ்சு தோய்ந்த ஆடையிலிருந்து பாண்டியனைக் காத்த கதை அந்தப் பெயரிலேயே இருக்கிறது. சேறு, தேவதானம் என்று அடுத்தடுத்து இரண்டு பெயர்கள். மழை மறைவுப் பகுதியில் இவ்வளவு தண்ணீர் எங்கிருந்து வந்தது?

மேற்கே நிற்கிற மலைதான் தடையும், கொடையும். ஜூனில் தொடங்கும் தென்மேற்குப் பருவமழையின் பெரும்பகுதியை மலைக்கு அந்தப்பக்கம் கேரளம் வாங்கிக்கொள்கிறது. நமக்குக் காற்றும் கொஞ்சம் சாரலும். இங்கே கண்மாய் நிறைவது அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் வடகிழக்கு மழையில். மலையில் பெய்தது ஓடைகளில் வேகமாக இறங்கி வைப்பாற்றோடு சேர்ந்து கடலுக்குப் போய்விடும். மூன்று மாத மழையை மிச்ச மாதங்களுக்கு நிறுத்தி வைக்கத்தான் கண்மாய்.

தேவதானத்தைத் தாண்டினால் மாவும் தென்னையும். மே மாதம் சப்பட்டை, பஞ்சவர்ணம் சீசன். தோப்பு வாசலிலேயே விற்பார்கள். அங்கிருந்து கிழக்கே திரும்பி ஒரு கண்மாய்க்குள் இறங்கினேன். நிலம் மலையிலிருந்து கிழக்கே சரிகிறது. அதனால் கரை கிழக்குப் பக்கம் பிறை மாதிரி வளைந்திருக்கும்; மேற்குப் பக்கம் கரையே கிடையாது, ஓடை வந்து சேருகிற வாசல் அது. கரையின் அடியில் மடை; வயலுக்குத் தண்ணீர் போகும் வழி. ஓரத்தில் கல்லால் கட்டிய கலுங்கு. நிறைந்தது போக மிச்சம் இதன் வழியாக மறுகால் பாய்ந்து அடுத்த கண்மாய்க்குப் போகும். ஒன்று நிறைந்தால்தான் அடுத்தது. நடுவில் ஒரு கால்வாய் தூர்ந்தால் கீழே உள்ள ஊருக்கு ஒன்றும் இல்லை.

உள்ளே பாதி சீமைக்கருவேலம். ஒருவர் டிராக்டரில் வண்டல் ஏற்றிக்கொண்டிருந்தார். "ஏன் அண்ணாச்சி, முன்னாடி எல்லாரும் சேர்ந்து தூர் வாருவாங்களாமே?" என்று கேட்டேன். "அப்ப எல்லாருக்கும் இந்தத் தண்ணிதான். இப்ப தோப்புக்குத் தோப்பு போர் இருக்கு. யாரு வருவா?" என்றார்.

விஷயமே இதுதான். குடிமராமத்து என்பது ஊர் கூடிச் செய்த வேலை. அதற்கு வராதவர்களைக் கட்டாயப்படுத்த 1858-ல் ஆங்கில அரசு சட்டமே போட்டது. 2017-ல் தமிழக அரசு அதே பெயரில் ஒரு திட்டம் தொடங்கியது. ஆனால் சட்டத்துக்கும் பணத்துக்கும் முன்னால் இருந்தது ஒரு தேவை: மடை திறந்தால்தான் என் வயல் நனையும் என்பது. போர் வந்ததும் அந்தத் தேவை போய்விட்டது. ஆனால் கண்மாயில் தேங்கிய தண்ணீர் கீழே இறங்கித்தான் பக்கத்துக் கிணறும் போரும் ஊறுகின்றன. கண்மாயைக் கைவிட்டவர் தன் போரையும் சேர்த்துத்தான் கைவிடுகிறார்.

நடக்கப் போகிறவர்களுக்கு: மலைப் பக்கம் தோப்புகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அதற்கு மேல் 2021-ல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம். வனத்துறை அனுமதி இல்லாமல் போகக்கூடாது. அடிவாரத்திலும் யானை வரும், இருட்டில் வேண்டாம். இரண்டு லிட்டர் தண்ணீர், தலைக்குத் துண்டு. கலுங்கு மேல் ஏறி நின்று, மறுகால் பாய்ந்தால் அது எந்த வழியாகப் போகும் என்று கண்ணாலேயே தொடர்ந்து பாருங்கள். வழி எங்கே அடைபட்டிருக்கிறது என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.