கறுப்பு ஒன்று, சாம்பல் பல

கறுப்பு வெள்ளைப் புகைப்படத்தில் எத்தனை நிறங்கள் உண்டு என்று கேட்டால், "இரண்டு" என்று உடனே சொல்லிவிடுவோம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். எங்கள் வீட்டுச் சுவரில் மாட்டிய ஒரு படம் அந்த எண்ணத்தை மாற்றியது.

1961-ஆம் ஆண்டு தூத்துக்குடிக் கடலில் முத்துக்குளிப்பு நடைபெற்றது. அதன்பின் இங்கே முத்துச்சலாபம் நடக்கவில்லை. அந்த ஆண்டு கடலில் இறங்கிய குளியாட்களுள் என் பாட்டியின் தந்தையும் ஒருவர். அவர் தோணியிலிருந்து நீரில் இறங்கும் வேளையில் எடுத்த, உள்ளங்கை அளவுள்ள படம் ஒன்று பாட்டியிடம் இருக்கிறது. அது பழுப்பேறிவிட்டதால் ஒரு கடையில் கொடுத்துப் பெரிதாக அச்சிட்டு வாங்கினோம். பாட்டி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்கள். பிறகு, "ஏட்டி, கயித்தக் காணோமே!" என்றார்கள்.

முத்துக் குளிப்பவரின் உயிர் ஒரு கயிற்றில் இருக்கிறது. அதன் மறுமுனையைத் தோணியில் ஒருவர் பிடித்திருப்பார். கீழிருந்து கயிறு அசைந்தவுடன் மேலே இழுத்துவிட வேண்டும். மனைவியின் உடன்பிறந்தானையே கயிறு பிடிக்க வைப்பது வழக்கம் என்பார்கள். தன் தங்கையின் வாழ்வும் அக்கயிற்றில் இருப்பதால் அவன் கைவிடமாட்டான் அல்லவா? சிறிய படத்தில் மெல்லிய கோடாகத் தெரிந்த அக்கயிறு, பெரிய படத்தில் வெளிறிய கடலோடு கலந்து மறைந்துவிட்டது. போதாக்குறைக்கு, ஓராண்டுக்குள் படம் முழுவதும் செம்மை படர்ந்துவிட்டது.

இதற்குக் காரணம் என்ன? ஸ்டூடியோ வைத்திருக்கும் என் மாமா விளக்கினார்கள்.

இங்க்ஜெட் அச்சுப்பொறி மையை மிக நுண்ணிய துளிகளாகத் தாளில் தெளிக்கிறது. சாதாரணப் பொறியில் கறுப்பு, நீலம், சிவப்பு, மஞ்சள் என நான்கு மைகள் இருக்கும். சாம்பல் நிற மை இராது. எனவே அது இரண்டு வழிகளில் நம் கண்ணை ஏமாற்றுகிறது. ஒன்று, கறுப்புப் புள்ளிகளை இடைவெளி விட்டு வைப்பது. கருமையான இடங்களில் இது அழகாக அமையும். வெளிறிய இடங்களிலோ, வெள்ளைத் துணியில் மிளகுத்தூள் சிந்தியதுபோல் தோன்றும். மெல்லிய கோடுகள் அதில் தொலைந்துபோகும். மற்றொன்று, நீலம், சிவப்பு, மஞ்சள் ஆகிய மூன்றையும் சேர்த்துச் சாம்பல் நிறமாகக் காட்டுவது. சாயத்தால் ஆன மைகள் எல்லாம் ஒரே வேகத்தில் வெளிறுவதில்லை. நீலம் முந்திக்கொண்டு வெளிறினால், சிவப்பும் மஞ்சளும் மிஞ்சிப் படம் செம்மையாகிவிடும். எங்கள் படத்திற்கு நேர்ந்தது இதுவே.

இக்குறைகளைப் போக்க ஒரு வழி உண்டு. வண்ண மைகளை எடுத்துவிட்டு, ஒரே கறுப்பிலிருந்து கலந்த பல சாம்பல் மைகளைப் பொறியில் நிரப்புவதே அது. அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் ஜான் கோன் என்பவர் இம்முறையைப் "பியசோகிராஃபி" என்ற பெயரில் வளர்த்தெடுத்தார். இன்று உலகெங்கும் பல புகைப்படக் கலைஞர்கள் தங்கள் மையைத் தாங்களே கலந்துகொள்கிறார்கள்.

எந்தக் கறுப்பு நல்லது? கரிதான்! விளக்குப்புகைக் கரியை எண்ணெயில் குழைத்து ஓலைச்சுவடியில் தடவி, எழுத்தாணி கீறிய எழுத்துகளை நம் முன்னோர் துலங்கச் செய்தனர். நம் முத்துக்குளித்துறையில் தொண்டாற்றிய அண்டிரிக் அடிகளார் 1578-இல் கொல்லத்தில் அச்சிட்ட "தம்பிரான் வணக்கம்" இன்றும் ஹார்வர்டு பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது. அக்காலத்து அச்சு மையும் விளக்குப்புகைக் கரியை ஆளிவிதை எண்ணெயில் சேர்த்துச் செய்ததே. கரி ஒளிக்கு அஞ்சுவதில்லை, சாயத்தைப்போல் வெளிறுவதுமில்லை.

இனி, கலக்கும் முறையைப் பார்ப்போம். மாமா நான்கு குப்பிகளை வைத்தார்கள். முதற்குப்பியில் கரியால் ஆன கறுப்பு மையை அப்படியே ஊற்றினார்கள். இரண்டாவதில் 30 மில்லி மையும் 70 மில்லி நிறமற்ற கரைசலும்; மூன்றாவதில் 9-க்கு 91; நான்காவதில் 3-க்கு 97. ஒவ்வொன்றும் முந்தியதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அடர்த்தி. நிறமற்ற கரைசலில் நீரோடு, மை துளையிலேயே காய்ந்துவிடாமல் காக்கக் கிளிசரினும், தாளில் சீராகப் பரவ உதவும் பொருளும் உண்டு.

"நீர்தானே, குழாய்த் தண்ணீரை ஊற்றினால் என்ன?" என்று கேட்டேன். மாமா சிரித்துவிட்டு, "புன்னக்காயலுக்குப் போயிருக்கிறாயா?" என்றார்கள். தாமிரபரணி சுமந்துவரும் நுண்மண், கடலின் உப்பு நீரைத் தொட்டதும் ஒன்றோடொன்று ஒட்டி அடியில் படிகிறது. மையிலுள்ள கரித்துகள்களும் அப்படியே. ஒரே வகை மின்னூட்டம் இருப்பதால் அவை ஒன்றையொன்று விலக்கி மிதக்கின்றன. உப்பு சேர்ந்தால் அந்த விலக்கம் தளர்ந்து, திரண்டு, மயிரிழையினும் நுண்ணிய துளைகளை அடைத்துவிடும். ஆகவே காய்ச்சி வடித்த நீரே வேண்டும்.

இன்னொரு செய்தி. கரி மை மெலிய மெலியச் சற்றே பழுப்புச் சாயல் காட்டும். அதைச் சமன்செய்ய ஒளியில் எளிதில் வெளிறாத நீல மையைத் துளியளவு சேர்க்கிறார்கள். பழுப்பேறிய வெள்ளைச் சீருடைக்கு நம் அம்மா சொட்டு நீலம் போடுவதும் இதே தத்துவம்தான்!

கலந்ததும் படத்தை அச்சிட்டுவிட முடியாது. வெள்ளை முதல் கறுப்பு வரை 21 கட்டங்களை அச்சிட்டு, படி ஏறுவதுபோல் ஒழுங்காகக் கருமை கூடுகிறதா என்று பார்த்து, கணினியில் திருத்த வேண்டும். எங்களுக்கு மூன்று நாள் பிடித்தது. இடையில் ஒருமுறை குப்பியைக் குலுக்க மறந்து, கரி அடியில் தங்கி, மூன்று தாள்கள் வீணாயின. அந்தத் தவறு என்னுடையது. இம்முறை எல்லாப் பொறிகளுக்கும் ஒத்துவராது. பழைய பொறியொன்றை இதற்கென்றே ஒதுக்குவது நலம். தாளும் அமிலமற்ற பருத்தித் தாளாக இருத்தல் வேண்டும். மை நிலைத்தாலும் தாள் மக்கினால் பயனில்லை அன்றோ?

இறுதியில் படம் வெளிவந்தது. கடலும் வானமும் வெவ்வேறு சாம்பலாய்ப் பிரிந்து நின்றன. அவற்றுக்கிடையே மெல்லிய கயிறு. அதன் மேல்முனையில், தோணி விளிம்புக்கு அப்பால், ஒரு கை. பாட்டி அந்தக் கையைத் தொட்டு, "இது எங்க மாமா கை" என்றார்கள். அறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்தக் கை கயிற்றை விடவில்லை.

தோழியரே, உங்கள் வீட்டுப் பெட்டியிலும் பழைய படங்கள் இருக்கலாம். அவை முற்றிலும் மங்குமுன் எடுத்துப் பாருங்கள். படத்தில் இருப்பவர்கள் யார் என்று பெரியோரைக் கேட்டு, பின்புறம் பென்சிலால் எழுதி வையுங்கள். பென்சிலும் கரிதான், எளிதில் மங்காது!