தொட்டிக்குள் ஒரு குளம் – 4: மணலா, மண்ணா?

செடியும் மீனும் வளர்க்கும் தொட்டியை வீட்டில் எங்கே வைப்பது என்று சென்ற வாரம் பார்த்தோம். இனி அதன் அடியில் எதைப் பரப்புவது?

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எதிர்வீட்டுப் பையன் ஈரம் சொட்டும் பிளாஸ்டிக் பையோடு வந்து நின்றான். "அங்கிள், பீச் மணல். இது போதுமா, இன்னும் வேணுமா?" பாசிர் ரிஸ் பூங்காவின் கடற்கரை எங்கள் புளோக்கிலிருந்து பத்து நிமிட நடை. 'பாசிர்' என்றாலே மலாயில் மணல்தான். அவன் யோசனை இயல்பானதே.

ஒரு கரண்டி மணலை நல்ல தண்ணீரில் அலசி, வெள்ளைத் தட்டில் வைத்து நாலு சொட்டு வினிகர் விட்டேன். சிப்பித் துணுக்குகளைச் சுற்றிப் பொடிப்பொடியாக நுரை கிளம்பியது. காதைக் கிட்டே கொண்டுபோனவன், "சத்தம் கேக்குது அங்கிள்" என்றான். அது சுண்ணாம்பின் சத்தம். சிப்பியும் பவளத் துணுக்கும் தொட்டி நீரில் மெல்லக் கரைந்து அதைக் கடின நீராக்கும், காரத்தன்மையையும் ஏற்றும். சின்னத் தொட்டியில் எல்லாரும் விரும்பி வளர்க்கும் ஹார்லிகுவின் ரஸ்போரா சிங்கப்பூர் மண்ணின் மீன். நீ சூன் சதுப்புக் காட்டின் அமிலத்தன்மையுள்ள மென்னீரில் வாழ்வது. அதற்கு இந்த மணல் ஆகாது. போதாததற்கு, பூங்காவிலிருந்து மண் எடுக்கச் சட்டமும் இடம் தராது. எடுத்த இடத்திலேயே கொட்டிவிட்டு வரச் சொன்னேன், கொட்டிவிட்டு வந்தான்.

கடையில் விற்கும் கழுவிய ஆற்று மணலில் இந்தச் சிக்கல் இல்லை. ஆனால் வெறும் மணல் செடிக்குப் பிடிமானம் தருமே தவிர, சாப்பாடு போடாது. பாசிர் ரிஸ்ஸில் ரயிலேறினால் மூன்றாவது நிறுத்தம் தானா மேரா. மலாயில் 'செம்மண்' என்று பொருள். நமக்கு இரண்டுமே வேண்டும்: அடியில் மண், மேலே மணல்.

இதை முறையாக எழுதிவைத்தவர் அமெரிக்காவின் டயானா வால்ஸ்டட். 1999இல் வந்த 'எக்காலஜி ஆஃப் தி பிளான்டட் அக்வேரியம்' என்ற அவரது நூல், ஓர் அங்குலச் சாதாரணத் தோட்ட மண்ணும் அதை மூட ஓர் அங்குலப் பொடிக்கல்லும் போதும் என்கிறது. நெல் விளைந்த மண்ணைப் பார்த்த நமக்கு இது புதிதல்ல. நீரில் மூழ்கிய மண்ணில் சில நாளிலேயே ஆக்சிஜன் தீர்ந்துவிடும். நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள துருவைக் கரையும் இரும்பாக மாற்றும். அதோடு ஒட்டிக்கிடந்த பாஸ்பரசும் விடுபட்டு வேருக்குக் கிடைக்கும். காற்றில்லாத சேற்றில் வேர் எப்படிப் பிழைக்கிறது? நெற்பயிர் தண்டின் காற்றறைகள் வழியே வேருக்கு ஆக்சிஜனை இறக்குகிறது. வயலில் ஒரு பயிரைப் பிடுங்கி வேரைக் கழுவிப் பாருங்கள், செம்பழுப்பாக ஒரு படலம் தெரியும். வேர் கசியவிட்ட ஆக்சிஜனில் இரும்பு மீண்டும் துருவான தடம் அது. கிரிப்டோகோரைன், வாலிஸ்னேரியா போன்ற தொட்டிச் செடிகளும் இதே வேலையைச் செய்கின்றன. அதனால்தான் முதல் நாளே செடிகளை நெருக்கமாக நடச் சொல்கிறேன். வேரில்லாத சேறு கெட்டுப்போகும்.

அதை நான் பட்டுத்தான் கற்றேன். என் முதல் தொட்டியில் கூடுதல் சத்து இருக்கட்டும் என்று மூன்று அங்குலம் எருக்கலவை போட்டேன். மூன்றாம் வாரம் குச்சியால் குத்தியபோது பெரிய குமிழ் ஒன்று எழுந்து, அழுகிய முட்டை நாற்றம் அறை முழுக்கப் பரவியது. ஹைட்ரஜன் சல்பைடு. வேர்கள் கறுத்துக் கூழாகியிருந்தன.

ஆகவே, நர்சரியில் மண் வாங்கும்போது பையைப் படியுங்கள். உர உருண்டைகள், கோழி எரு, மிதக்கும் வெள்ளைப் பெர்லைட் இருந்தால் வேண்டாம். எளிய மண்ணே நல்லது. சலித்து, குச்சிகளைப் பொறுக்கிவிடுங்கள். 45 செ.மீ. நீளம், 27 செ.மீ. அகலத் தொட்டிக்கு ஓர் அங்குலம் பரப்ப மூன்று லிட்டர் மண்ணும் மூன்று லிட்டர் மணலும் பிடிக்கும். மணல் இரண்டு, மூன்று மில்லிமீட்டர் பரலாக இருக்கட்டும். மாவு மணல் காற்றை அடைத்துவிடும். கூழாங்கல்லின் இடுக்கு வழியே மண் மேலே கிளம்பிவிடும். தண்ணீரை ஒரு தட்டின்மேல் மெல்ல ஊற்றுங்கள். முதல் சில வாரம் மண் அம்மோனியா விடும்; அதுவரை மீன் வேண்டாம்.

ஜப்பானின் தகாஷி அமானோ பிரபலமாக்கிய சுட்ட மண் உருண்டைகளைப் பற்றிப் பலர் கேட்கிறீர்கள். நல்ல பொருள்தான், நீரை மென்மையாக்கவும் செய்யும். ஆனால் விலை அதிகம், நாளடைவில் சத்தும் தீரும், உருண்டையும் நொறுங்கும். போட்டிக்கு வைக்கும் அலங்காரத் தொட்டிக்கு அது பொருந்தும். வீவக வீட்டு மேசைமேல் வைக்கும் சிறு குளத்துக்கு மண்ணும் மணலும் போதும் என்பதே என் முடிவு.

ஒரு வேண்டுகோள். என்றாவது தொட்டியைக் கலைத்தால், அந்த மண்ணையும் செடியையும் நத்தையையும் சுங்கை ஆப்பி ஆப்பியிலோ பூங்காவின் சதுப்புநிலத்திலோ கொட்டாதீர்கள். செடி, நத்தையை அகற்றி மண்ணை நன்றாகக் காயவைத்து, தாழ்வாரத்துக் கறிவேப்பிலைத் தொட்டியில் போடுங்கள்.