புலியும் சிறுத்தையும் அமைத்த பூங்கா

கேளிக்கைப் பூங்கா என்று சொன்னவுடன் சுற்றும் ராட்டினமும், தலைகீழாகப் பாயும் வண்டியும், அவற்றுக்கு முன்னால் நீண்டு நிற்கும் வரிசையும்தான் நம் நினைவுக்கு வரும். சிங்கப்பூரில் இவை எதுவுமே இல்லாத ஒரு பூங்கா இருக்கிறது. அங்கே எந்திரம் ஓடுவதில்லை. பார்க்கிற நாம்தான் ஏறி இறங்க வேண்டும். பாசிர் பாஞ்சாங் சாலையில், ஒரு குன்றின் சரிவில் அமைந்துள்ள ஹாவ் பார் வில்லாவைத்தான் சொல்கிறோம். பழைய ஆட்கள் அதை இன்றும் 'டைகர் பாம் தோட்டம்' என்பார்கள்.

ஜொகூரிலிருந்தோ கோலாலம்பூரிலிருந்தோ ஒருநாள் பயணமாக வருகிறவர்கள் இந்தப் பூங்காவுக்கு ஒதுக்குவது பெரும்பாலும் இரண்டு மணி நேரம். அங்கே ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிலைகள் இருக்கின்றன. கதைகளைச் சொல்லும் காட்சித் தொகுதிகள் நூற்றைம்பதுக்கு மேல். எல்லாவற்றையும் பார்த்துவிடுவோம் என்று புறப்பட்டால் ஒன்றும் மனத்தில் நிற்காது. வண்ணச் சிலைகளுக்கு முன்னால் நின்று படம் பிடித்துக்கொண்டு, 'என்னவோ பொம்மைகள்' என்று சொல்லித் திரும்புகிறவர்கள்தாம் அதிகம். அப்படித் திரும்பாமல் இருக்க என்ன செய்யலாம் என்பதை இன்று பார்ப்போம்.

முதலில் பெயரை எடுத்துக்கொள்வோம். ஹாவ் என்றால் புலி. பார் என்றால் சிறுத்தை. ஆவ் பூன் ஹாவ், ஆவ் பூன் பார் என்ற அண்ணன் தம்பி இருவரின் பெயர்களையும் சேர்த்து வைத்த பெயர் இது. இருவரும் பர்மாவின் ரங்கூனில் பிறந்தவர்கள். சீனாவின் பூசியான் மாநிலத்திலிருந்து ரங்கூனுக்கு வந்து மருந்துக்கடை வைத்த ஹக்கா வைத்தியரின் பிள்ளைகள். தகப்பனார் விட்டுச் சென்ற மருந்துச் சரக்கைச் செம்மைப்படுத்தி, சின்னஞ்சிறு கண்ணாடிப் புட்டிகளில் அடைத்து, மேலே பாயும் புலியை ஒட்டி விற்றார்கள். அதுதான் நம் வீடுகளில் கோடாலித் தைலத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் புலிமார்க் தைலம். தலைவலிக்கு நெற்றியில் தடவிக்கொண்ட அந்தத் தைலத்தின் காசில் எழுந்ததுதான் இந்தத் தோட்டம் என்று தெரிந்தால், அதைப் பார்க்கும் பார்வையே மாறிவிடும்.

அண்ணன் பூன் ஹாவ் 1920களில் தொழிலைச் சிங்கப்பூருக்குக் கொண்டுவந்தார். விளம்பரக் கலையில் மன்னன். தமது மோட்டார் வண்டிக்கே புலித்தலை வைத்து ஓட்டியவர் அவர். தம்பிக்காக அவர் கட்டிய மாளிகை 1937இல் முடிந்தது. அதைச் சுற்றியுள்ள குன்றுச் சரிவு முழுவதும் சீனத்து நீதிக்கதைகளையும் புராணக் கதைகளையும் சிலைகளாக நிறுத்தி, பொதுமக்கள் இலவசமாகப் பார்க்கும்படி திறந்துவிட்டார். எழுதப் படிக்கத் தெரியாத கூலித் தொழிலாளிகள் நிறைந்திருந்த காலம் அது. ஏட்டில் உள்ளதைக் கண்ணால் படிக்கட்டுமே என்பது அவருடைய எண்ணம். புலிமார்க் விளம்பரமும் கூடவே நடந்தது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

தம்பிக்கு அந்த மாளிகையில் நெடுநாள் வாழக் கொடுத்துவைக்கவில்லை. 1942இல் ஜப்பானியர் சிங்கப்பூரைப் பிடித்தார்கள். ரங்கூனுக்குப் போன பூன் பார் 1944இல் அங்கேயே காலமானார். போர் முடிந்து அண்ணன் வந்து பார்த்தபோது மாளிகை சீர்குலைந்து கிடந்தது. அதை இடித்துவிட்டார். ஆனால் தோட்டத்தை விடவில்லை. 1954இல் தாம் இறக்கும்வரை சிலைகளைப் பெருக்கிக்கொண்டே போனார். இன்று வில்லா என்ற பெயர் இருக்கிறதே தவிர, அந்த வில்லா இல்லை. அதைத் தேடிக்கொண்டு நேரத்தைப் போக்க வேண்டாம். அன்று குன்றின்மேல் நின்றால் எதிரே கடல். பிறகு கடலைத் தூர்த்து நிலமாக்கியதால் இப்போது துறைமுகத்துப் பளுதூக்கிகள்தாம் தெரியும்.

ஒரு காலத்தில் இதையும் எந்திரப் பூங்காவாக்கிப் பார்த்தார்கள். 1990இல் 'டிராகன் உலகம்' என்ற பெயரில் திறந்து, பெரியவர்களுக்கு 16 வெள்ளி கட்டணம் வைத்தார்கள். டிராகனின் வயிற்றுக்குள் படகு போகும்; அந்தப் படகில் உட்கார்ந்தபடியே நரகத்தைப் பார்க்கலாம். தொடக்கத்தில் கூட்டம் வந்தது, பிறகு குறைந்தது, நட்டம் ஏறியது. 2001இல் கட்டணத்தை எடுத்துவிட்டு மறுபடியும் நடந்து பார்க்கும் தோட்டமாக்கினார்கள். நம்மைக் கேட்டால் அதுவே சரி என்போம். இது ஓடிப் பார்க்கிற இடமன்று, நின்று பார்க்கிற இடம்.

இனிப் போகும் வழி. வட்டப்பாதை ரயிலில் ஹாவ் பார் வில்லா என்றே ஒரு நிலையம் இருக்கிறது. இறங்கி வெளியே வந்தால் பூங்கா வாசல் பக்கத்திலேயே. தோட்டத்துக்குள் போக இன்றும் கட்டணம் இல்லை. ஆனால் பலரும் தேடி வருகிற 'நரகத்தின் பத்து நீதிமன்றங்கள்' என்ற பகுதி, 2021இல் திறந்த 'நரக அருங்காட்சியக'த்துக்குள் சேர்ந்துவிட்டது. அதற்கு மட்டும் சீட்டு வாங்க வேண்டும். அது தோட்டத்தைப் போல எல்லா நாளும் எல்லா நேரமும் திறந்திருப்பதில்லை. திங்கட்கிழமை போய் ஏமாந்தவர்கள் உண்டு. புறப்படுமுன் நேரத்தை விசாரித்துக்கொள்வது நல்லது.

எதை முதலில் பார்ப்பது? இங்கேதான் முதன்முறை வருகிறவர்கள் தடுமாறுகிறார்கள். நுழைந்ததும் நரகத்துக்குள் போய், முக்கால் மணி நேரம் அங்கே கழித்து, வெளியே வரும்போது உச்சி வெயில். மேலே ஏறக் கால் வராது. குன்றின்மேல் இருப்பதெல்லாம் வெட்டவெளியில் இருப்பவை. நரகமோ கூரைக்குக் கீழே இருக்கிறது. ஆகவே காலை ஒன்பது மணிவாக்கில் வந்து, வெயில் ஏறுமுன் குன்றின்மேல் உள்ளவற்றைப் பார்த்துவிட்டு, பிறகு நரகத்துக்குள் இறங்குவதுதான் புத்திசாலித்தனம். மழை பிடித்துக்கொண்டாலும் அதே யோசனைதான். நரகத்துக்குள் ஒதுங்கி நிற்கிற வாய்ப்பு வேறு எந்த ஊரில் கிடைக்கும்?

குன்றின்மேல் நாம் நேராகத் தேடிப் போக வேண்டியது 'மேற்குத் திசைப் பயணம்' கதையின் காட்சிகள். ஒரு துறவி, குரங்கு வீரன் ஒருவன், பன்றி முகத்தான் ஒருவன், மணலாற்றிலிருந்து வந்த சீடன் ஒருவன் என நால்வர் புனித நூல்களைத் தேடிப் புறப்படுகிறார்கள். வழிநெடுகப் பூதங்களும் சிலந்திப் பெண்களும் அவர்களை மறிக்கிறார்கள். இது 16ஆம் நூற்றாண்டில் சீனத்தில் எழுதப்பட்ட நவீனம். ஆனால் அந்தத் துறவி கற்பனை ஆள் அல்லர். நம் சரித்திரப் பாடத்தில் யுவான் சுவாங் என்று படித்தோமே, அவரேதான். கதையில் அவர் போகும் மேற்குத் திசை என்பது இந்தியா. நாளந்தாவில் பயின்று, 645இல் சீனாவுக்குத் திரும்பிய அந்த மனிதர், பல்லவர் ஆண்ட காஞ்சிபுரத்துக்கும் 640 வாக்கில் வந்திருக்கிறார். அந்நாட்டைப் பற்றித் தம் பயண நூலில் எழுதியும் வைத்திருக்கிறார். பாசிர் பாஞ்சாங் குன்றில் சிமெண்டுச் சிலையாக நிற்பவர் ஒருகாலத்தில் காஞ்சித் தெருக்களில் நடந்தவர் என்று பிள்ளைகளிடம் சொல்லிப் பாருங்கள். அதற்குப் பிறகு அவர்கள் அந்தச் சிலையை அவ்வளவு சுலபமாகக் கடந்து போகமாட்டார்கள்.

குரங்கு வீரன் சுன் வூகோங்கைப் பார்த்ததும் நமக்கு அனுமார் நினைவு வரும். நமக்கு மட்டுமன்று, சீன அறிஞர்களுக்கும் வந்தது. அனுமார்தான் சீனத்துக்குப் போய் இப்படி ஆனார் என்று ஹூ ஷீ சொன்னார். இல்லை, இது சீனத்தின் சொந்தச் சரக்கு என்று லூ சுன் மறுத்தார். இருவரும் பெரிய மேதைகள். வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை.

அங்கிருந்து வெள்ளைப் பாம்பின் கதைக்கு வரலாம். பாம்பொன்று பெண்ணுருவெடுத்து ஒருவனை மணக்கிறது. அதைக் கண்டுகொண்ட துறவி ஒருவர் அவனைத் தம் மடத்தில் சிறைவைக்கிறார். கணவனை மீட்க அவள் கடல்வாழ் பிராணிகளையெல்லாம் படையாகத் திரட்டி, மடத்தையே வெள்ளத்தில் மூழ்கடிக்கப் பார்க்கிறாள். நண்டும் மீனும் போருக்கு வரும் அந்தக் காட்சியைக் கண்டு சிரிக்காத குழந்தை இல்லை. ஆனால் கதை சோகமானது. இறுதியில் அவளைக் கோபுரத்துக்கு அடியில் அடைத்துவிடுகிறார்கள்.

இன்னும் ஒரு சிலை. மருமகள் ஒருத்தி, பல்லில்லாத மாமியாருக்குத் தாய்ப்பால் ஊட்டுகிறாள். இதைப் பார்த்ததும் பலர் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். சிலர் கேலி பேசுவார்கள். பெற்றோரைப் பேணுவதற்கு எடுத்துக்காட்டாகச் சீனர்கள் வழிவழியாகச் சொல்லும் இருபத்து நான்கு கதைகளில் ஒன்று இது. தன் குழந்தைக்கு உரிய பாலை, உணவு மெல்ல முடியாத கிழவிக்குக் கொடுக்கிறாள். கதை தெரியாவிட்டால் அருவருப்பு. தெரிந்தால் வாய் மூடிவிடும்.

சூதும் அபினியும் குடும்பங்களைக் கெடுப்பதைக் காட்டும் காட்சிகளையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளலாம். சுதந்திர தேவி, ஜப்பானிய மல்லர்கள் ஆகியோரின் சிலைகள் பூன் ஹாவின் காலத்துக்குப் பிறகு சேர்த்தவை. நேரம் குறைவென்றால் அவற்றை விட்டுவிடலாம். குற்றமில்லை.

இப்போது நரகம். சீனர்களின் நம்பிக்கைப்படி, இறந்த உயிர் பத்து நீதிமன்றங்களைக் கடக்க வேண்டும். முதல் மன்றத்தில் விசாரணை. நல்லவர்கள் பொற்பாலமோ வெள்ளிப் பாலமோ ஏறிப் போய்விடுவார்கள். மற்றவர்களை ஒரு கண்ணாடியின் முன் நிறுத்துவார்கள். செய்த பாவமெல்லாம் அதில் தெரியும். நம் சித்திரகுப்தர் ஏட்டில் எழுதியதை இவர்கள் கண்ணாடியில் காட்டுகிறார்கள், அவ்வளவுதான் வேறுபாடு.

ஐந்தாம் மன்றத்தின் அரசர் பெயர் யென்லுவோ. அந்தப் பெயரைச் சற்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தால் உள்ளே யமராஜன் இருப்பது கேட்கும். பௌத்த சமயத்தோடு வடமொழியிலிருந்து சீனத்துக்குப் போன நம்முடைய எமதருமன்தான் அவர். முன்பு முதல் மன்றத்தில் இருந்தாராம். பாவிகளிடம் இரக்கம் காட்டினார் என்று ஐந்தாம் மன்றத்துக்கு மாற்றிவிட்டார்களாம். எமனுக்கே இடமாற்றம்! அவருடைய மன்றத்தில், அநியாய வட்டி வாங்கியவர்களைக் கத்திமலையில் எறிகிறார்கள்.

வாடகை கொடாதவனுக்கும் வரி ஏய்த்தவனுக்கும் நான்காம் மன்றத்தில் உலக்கைக் குத்து. சோற்றை வீணாக்கியவனை ஆறாம் மன்றத்தில் இரண்டாக அறுக்கிறார்கள். கோள் சொன்னவனின் நாக்கைப் பிடுங்குவது ஏழாம் மன்றத்தில். எண்ணெய்க் கொப்பரையும் அங்கேதான். பரீட்சையில் பார்த்து எழுதியவனுக்கு எட்டாம் மன்றத்தில் குடலை உருவுகிறார்கள். பள்ளிப் பிள்ளைகள் அந்த இடத்தில் மட்டும் சற்று அமைதியாக நிற்பதைக் காணலாம்.

சிலைகளில் இரத்தம் தாராளமாக வழிகிறது. ஆகவே பச்சைப் பிள்ளைகளை உள்ளே அழைத்துப் போக வேண்டாம் என்பது நம் கருத்து. 'சொன்ன பேச்சைக் கேட்காவிட்டால் உனக்கும் இதுதான்' என்று பயமுறுத்துவதற்காகவே கூட்டிப் போகிற பெற்றோர் உண்டு. அன்று இரவு படுக்கையில் அலறப்போகும் குழந்தைக்கு விடிய விடியத் துணையிருக்கப் போவதும் அவர்கள்தாம். குடும்பமாக வந்தால் பெரியவர்கள் இருவராகப் பிரிந்து, ஒருவர் வெளியே சிறுவர்களோடு இருக்க, மற்றவர் பார்த்து வரலாம். பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளானால், பயத்தைக் காட்டிலும் கேள்விகள்தாம் அதிகம் வரும். எந்தக் குற்றத்துக்கு எந்தத் தண்டனை, அது தகுமா தகாதா என்று அவர்களையே பேச விடுங்கள்.

பத்தாம் மன்றத்தை மட்டும் அவசரமாகக் கடக்க வேண்டாம். தண்டனை முடிந்த உயிர்கள் அங்கே வந்து சேர்கின்றன. மெங் போ என்ற கிழவி ஒரு கோப்பைத் தேநீர் தருகிறாள். அதைக் குடித்தால் போன பிறவி முழுவதும் மறந்துவிடும். பிறகு பிறவிச் சக்கரம் சுழன்று, மனிதராகவோ விலங்காகவோ மறுபடி உலகுக்கு அனுப்பும். முற்பிறப்பு ஏன் நமக்கு நினைவில்லை என்று நம் வீட்டுக் குழந்தைகள் கேட்கும் கேள்விக்குச் சீனப் பாட்டிமார் வைத்திருந்த பதில் அது.

அருங்காட்சியகத்தின் மற்றப் பகுதியில், பல சமயத்தாரும் மரணத்தை எப்படி எண்ணுகிறார்கள், ஈமச் சடங்குகளை எப்படிச் செய்கிறார்கள் என்று விளக்கி வைத்திருக்கிறார்கள். அதை ஊன்றிப் படிக்க இன்னொரு மணி நேரம் வேண்டும். ரயிலுக்கு நேரமாகிவிட்டால் அதை அடுத்த வருகைக்கு வைத்துக்கொள்ளலாம்.

போகும்போது குடையும் தண்ணீரும் கையோடு இருக்கட்டும். படிகள் செங்குத்தானவை; முழங்கால் வலி உள்ள பெரியவர்களைக் கீழே குளத்தருகே நிழலில் அமர்த்திவிட்டு மற்றவர்கள் ஏறலாம். சிலைகள் மேல் சாய்வதோ பிள்ளைகளை ஏற்றி உட்காரவைப்பதோ கூடாது. கம்பிக் கூட்டின் மேல் சிமெண்டைப் பூசி, கையால் வண்ணம் தீட்டியவை அவை. நம் வெயிலுக்கும் மழைக்கும் வண்ணம் உரிந்துகொண்டே இருக்கிறது. ஆட்கள் வந்து தீட்டிக்கொண்டே இருக்கிறார்கள். நீங்கள் போகும் நாளில் யாரேனும் தூரிகையும் வாளியுமாக ஒரு பூதத்தின் மூக்குக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தால், ஐந்து நிமிடம் நின்று அதையும் பாருங்கள்.