வலையும் வழியும்

வலைச் செய்நிரலாக்கமும் கணினி வலையமைப்பும் கல்லூரிகளில் வெவ்வேறு பாடங்களாகக் கற்பிக்கப்படுதலின், அவற்றின் தொடர்பை மாணவர் பலர் உணர்வதில்லை. அமெரிக்க ஆர்ப்பாநெற் வலையமைப்பு 1983ஆம் ஆண்டு சனவரி 1ஆந் திகதி ரீ.சி.பி./ஐ.பி. நெறிமுறைக்கு மாறிற்று. செய்தியைச் சிறு பொதிகளாகப் பிரித்தனுப்பிச் சேருமிடத்தில் மீண்டும் ஒழுங்குபடுத்துவது அந்நெறி. 1989இல் ரிம் பேணர்ஸ்-லீ சேர்ன் ஆய்வுநிலையத்தில் முன்மொழிந்த வையவிரிவலை, அவ்வழியிற் செல்லும் பயணியே.

வலைப்பக்கம் தோன்றாவிடின் பிழை செய்நிரலில் இருக்கலாம். பெயரை முகவரியாக மாற்றும் டி.என்.எஸ். ஏற்பாட்டில் இருக்கலாம், பொதிகள் செல்லும் வழியிலும் இருக்கலாம். ஒன்றை மட்டும் கற்றவன் தானறிந்த இடத்திலேயே பிழையைத் தேடி இடர்ப்படுவான். ஆதலின், வழியை முன்னும் வலையைப் பின்னுமாக இரண்டையும் இணைத்துக் கற்பித்தலே தக்கது.