பிளஸ் டூ லேப்பின் பின்கதவு வழியாக!

நாளை காலை வேதியியல் செய்முறைத் தேர்வு. மாணவர்களுக்கு லேப் கதவு சாத்தியாகிவிட்டது; நமக்கு மட்டும் பின்கதவு திறந்திருக்கிறது. வாங்க, உள்ளே போகலாம்!

லேப் உதவியாளர் 40 கிராம் சோடியம் ஹைட்ராக்சைடு வில்லைகளை நிறுத்து, ஒரு லிட்டர் வருமளவு நீரில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் கலக்குகிறார். பர்னர் ஏற்றவே இல்லை, பீக்கர் சுடுகிறது! ஒரு மோல் கரைந்தால் சுமார் 44 கிலோஜூல். அத்தனை நீரும் ஏறக்குறைய 10 டிகிரி ஏறிவிடுகிறது. புத்தகத்தில் ‘வெப்ப உமிழ்’ என்று ஒரு வரியில் படித்துவிட்டுப் போனது இதைத்தான்.

அடுத்து அடர் கந்தக அமிலம். நீரில்தான் அமிலத்தை விட வேண்டும், அதுவும் மெல்லிய தாரையாக. மாற்றி ஊற்றினால் ஆபத்து: அமிலத்தின் அடர்த்தி 1.84, நீர் அதன் மேலேயே தங்கி, கிளம்பும் சூட்டில் அங்கேயே கொதித்து, அமிலத்தையும் வாரிக்கொண்டு முகத்தில் தெறிக்கும்.

அலமாரியில் எண் மட்டும் ஒட்டிய குப்பிகள். உள்ளே என்ன என்பது நாளைக்குப் புதிர், நமக்கு இன்றே தெரியும்! பென்சால்டிஹைடு மூடியைத் திறந்ததுமே பாதாம் எசன்ஸ் வாசம். சாலிசிலிக் அமிலத்துக்கோ இரட்டை வேடம்: சோடியம் பைகார்பனேட்டில் நுரைத்துக் கார்பாக்சில் தொகுதியைக் காட்டும், நடுநிலை ஃபெரிக் குளோரைடில் ஊதாவாகி ஃபீனால் தொகுதியையும் காட்டும்.

என் மனசு முழுக்க அனிலீனிடம்தான். அதற்கென்றே ஒரு வாளி ஐஸ் சொல்லி வைத்திருக்கிறார்கள்! அதன் அமினோ தொகுதி, அமிலக் கரைசலில் சோடியம் நைட்ரைட்டோடு வினைபுரியும்போது சூடு பிறக்கும். 0 முதல் 5 டிகிரிக்குள் அடக்காவிட்டால், உருவாகும் டயசோனியம் உப்பு நைட்ரஜன் குமிழ்களாகச் சிதைந்துவிடும். அடக்கிவிட்டாலோ, காரத்தில் கரைத்த பீட்டா நாப்தாலை ஊற்றிய கணமே செக்கச்செவேலென்று சாயம்! துணிச் சாயங்களில் பெரும் பங்கு இந்த அசோ குடும்பம்தான்.

டாலன்ஸ் கரைசலை மட்டும் இன்று கலக்க மாட்டார்கள். நாள்பட வைத்திருந்தால் வெடிக்கும் வெள்ளிச் சேர்மம் அதில் உண்டாகும். சில்வர் நைட்ரேட்டும் அம்மோனியாவும் நாளைக் காலையில்தான் சேரும். ஆல்டிஹைடு கிடைத்தவரின் சோதனைக்குழாய் உள்ளே பளபளவென வெள்ளி பூசிக்கொள்ளும். தேர்வு முடிந்ததும் அந்தக் குழாய்களைக் கழுவ நீர்த்த நைட்ரிக் அமிலமும் இப்போதே தயார்.