கறி ஹலால்தான், தய்யிபும்தானா?

கடலூரிலும் சிதம்பரத்திலும் ஞாயிறு காலை கறிக்கடைக்குப் போகும் நம்மில் பலர் கேட்பது ஒன்றுதான்: "அறுத்தது பாயா?" ஆம் என்றால் நிம்மதியாக வாங்கி வருகிறோம். ஆனால் திருக்குர்ஆன் (2:168) ஹலாலானதோடு தய்யிபானதையும், அதாவது தூய்மையான நல்ல உணவையும் சேர்த்தே சொல்கிறது. அறுப்பு முறையாக நடந்தது என்பதால் ஆட்டுக்கு நோய் இல்லை என்று ஆகிவிடாது.

அதை அறியத்தான் கால்நடை மருத்துவரின் சோதனை. அறுக்கும் முன் ஆட்டின் நடை, தீனி, காய்ச்சல், கழிச்சல் கவனிக்கப்படும். அறுத்த பின் ஈரல், நுரையீரல், நிணநீர் முடிச்சுகள் பார்க்கப்படும். ஈரலில் தட்டைப்புழு, நீர்க்கட்டி இருந்தால் அதைக் கழித்துவிட வேண்டும். அடைப்பான் நோய் என்ற சந்தேகம் வந்தால் அறுக்கவே கூடாது. கையிலுள்ள சிறு காயம் வழியாகவே அது தொற்றும். எனவே சோதனை முதலில் காப்பது அறுப்பவரைத்தான்.

2001ஆம் ஆண்டு மத்திய அரசின் அறுப்புக்கூட விதிகள்படி, நகர்ப்பகுதியில் அங்கீகாரம் பெற்ற கூடத்தில்தான் அறுக்க வேண்டும். சினை ஆட்டையும் 3 மாதம் நிரம்பாத குட்டியையும் அறுக்கக் கூடாது. ஒரு மருத்துவர் மணிக்கு 12, நாளுக்கு 96 பிராணிகளுக்கு மேல் சோதிக்கக் கூடாது. ஒரு பிராணியின் கண்முன் இன்னொன்றை அறுக்கக் கூடாது. இந்தக் கடைசி விதி நம் மார்க்கம் கற்றுத்தரும் அறுப்பின் ஒழுங்கும்கூட.

"சோதனை என்றாலே நமக்குத் தொல்லை" என்று வியாபாரிகள் சிலர் அஞ்சுகிறார்கள். அந்த அச்சத்துக்குக் காரணங்கள் உண்டு. ஆனால் நபி (ஸல்) அவர்களே கடைத்தெருவில் தானியக் குவியலுக்குள் கைவிட்டுப் பார்த்து, அடியில் ஈரம் கண்டு, ஏமாற்றுபவரைக் கண்டித்தார்கள் என்று முஸ்லிம் நூலில் பதிவாகியுள்ளது. சந்தையைச் சோதிப்பது நமக்குப் புதிதல்ல.

அதேநேரம், கடைக்குப் பின்னால் அறுத்தார் என்று சிறு வியாபாரிக்கு அபராதம் போடுமுன், தண்ணீரும் வடிகாலும் விடியற்காலை மருத்துவரும் உள்ள கூடம் இருக்க வேண்டும். கடலூர் மாநகராட்சியிடமும் சிதம்பரம் நகராட்சியிடமும் அதைக் கேட்க வேண்டியது ஜமாஅத்துகளின் பொறுப்பு.

நாம் செய்ய வேண்டியதும் உண்டு. "எங்கே அறுத்தீர்கள், மருத்துவர் பார்த்தாரா?" என்று பணிவாகக் கேட்போம். உணவுப் பாதுகாப்புப் பதிவின் 14 இலக்க எண் கடையில் இருக்கிறதா என்று பார்ப்போம். வீட்டில் அகீகா, குர்பானி கொடுக்கும்போதும், நோயுற்ற ஆட்டை விலை மலிவு என்று வாங்காதிருப்போம்.

ஹலாலும் தய்யிபுமான உணவை அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக. ஆமீன்.